மாடி வீடு வாங்கும் முன் கீழே இறங்கிப் பாருங்கள்

தரம் ஒன்றுக்கான விண்ணப்பம் கோரப்படும் காலம் வந்துவிட்டால் எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் வீடுகளைப் பற்றிய பேச்சுத்தான். எந்தத் தெருவில் இருந்தால் எந்தப் பாடசாலை கிடைக்கும், வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் பெயர் இருக்க வேண்டும், வாடகை ஒப்பந்தத்துக்கு எத்தனை புள்ளி, சொந்த உறுதிக்கு எத்தனை புள்ளி என்று கணக்குப் பார்ப்பார்கள். தரம் ஒன்று இடங்களில் பாதி பாடசாலைக்கு அண்மையில் வசிப்பவர்களுக்கு ஒதுக்கப்படுவதால், கொழும்பில் ஒரு பிள்ளையின் படிப்பு வீட்டு விலாசத்திலிருந்துதான் தொடங்குகிறது.

அதனால் கொஞ்சம் வசதியுள்ள நம் குடும்பங்கள், வெளிநாட்டில் உழைத்த பணத்தையும் ஊரில் விற்ற காணியின் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து, கொள்ளுப்பிட்டி தொடக்கம் தெஹிவளை வரை எழுந்து நிற்கும் தொடர்மாடிகளில் வீடு தேடுகின்றன. என்னிடம் படித்த பிள்ளைகளே இன்று உம்மாமாராகி வந்து கேட்கிறார்கள்: "டீச்சர், எட்டாம் மாடி, மூணு ரூம். பள்ளியும் கிட்ட, ஸ்கூலும் கிட்ட. எடுக்கலாமா?"

மாளிகாவத்தை, தெமட்டகொட, வனாத்தமுல்ல, கொம்பனித்தெரு பக்கத்துக் குடும்பங்கள் இப்படி யாரிடமும் கேட்கவில்லை. கேட்கும் சந்தர்ப்பமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அரசு தோட்டங்களை உடைத்து, அவர்களைப் பன்னிரண்டு, பதினான்கு மாடிக் கட்டடங்களில் ஏற்றியது. வசதியுள்ளவரும் வசதியற்றவரும் இன்று ஒரே உயரத்தில்தான் பிள்ளை வளர்க்கிறார்கள். இரு தரப்புப் பிள்ளைகளும் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். நகர மாடி வாழ்க்கை பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குப் பொருந்துமா என்ற கேள்வி என் சொந்த வீட்டிலும் கடந்த ஒரு வருடமாக இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எழுந்துகொண்டே இருக்கிறது. எனவே இது பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று நினைத்தேன்.

முதலில், நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். நகர அபிவிருத்தி அதிகார சபை 2010 இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதே வருடம் மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் நம்மவர்களின் வீடுகள் உடைக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பின்னர் வந்த நகர மீளுருவாக்கத் திட்டத்தில், கொழும்பில் ஏறத்தாழ 68,000 குடும்பங்கள் வசதி குறைந்த குடியிருப்புகளில் வாழ்வதாகவும் அவர்களை மாடிகளுக்கு மாற்றி நிலத்தை விடுவிப்பதே நோக்கம் என்றும் சொல்லப்பட்டது. ஒவ்வொரு வீடும் 400 சதுர அடியளவு. பல குடும்பங்கள் முற்பணம் கட்டி, மாதம் 3,960 ரூபா வீதம் இருபது வருடங்களுக்குச் செலுத்தும்படி கேட்கப்பட்டன. அத்தனையும் கட்டி முடித்தால் பத்து இலட்சம். தலைமுறைகளாகத் தாங்கள் இருந்த மண்ணிலிருந்து இறக்கப்பட்டு, அதற்குப் பதிலாகக் கிடைத்த வீட்டுக்கு அவர்களே காசு கட்டினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014 இலும் 2016 இலும் வெளியிட்ட அறிக்கைகளில் இவை விரிவாகப் பதிவாகியிருக்கின்றன.

இந்த அநியாயத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. ஒரு ஆசிரியையாக என் கண்ணில் பட்டது வேறொன்று. அது மிகச் சிறிய விடயம் போலத் தெரியும்.

வீடுகள் சீட்டுக் குலுக்கலில் வழங்கப்பட்டன. குலுக்கல் நியாயமான முறை என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஊழலுக்கு இடமில்லை, ஆள் பார்த்துக் கொடுக்கவில்லை. ஆனால் குலுக்கலில் ஒரு தெருவே கலைந்துபோனது. முப்பது வருடம் சுவரோடு சுவராக இருந்த இரண்டு வீடுகளில் ஒன்று மூன்றாம் மாடிக்கும் மற்றது பதினோராம் மாடிக்கும் போயிற்று. ராத்தா ஒரு கட்டடத்தில், தங்கச்சி வேறு கட்டடத்தில். உம்மம்மாவின் வீட்டுக்குச் செருப்பில்லாமல் ஓடிப்போன பிள்ளை, இப்போது லிஃப்ட் வருமா என்று பார்த்து, வந்தால் உள்ளே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துப் போக வேண்டும்.

தோட்டத்து வாழ்க்கையை நான் சொர்க்கமாக்கிக் காட்ட வரவில்லை. மழை பெய்தால் கானும் மலசலகூடமும் ஒன்றாகப் பொங்கி வீட்டுக்குள் வரும். புத்தகப் பையைக் கூரை வளையில் தொங்கவிட்டு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பொதுக் குழாயில் வரிசையில் நின்று, பொது மலசலகூடத்துக்கு இரவில் போகப் பயந்து, தண்ணீர் குடிக்காமலே படுத்த பெண் பிள்ளைகளையும் தெரியும். மாடிக்குப் போன பிறகு ஒரு பிள்ளை என்னிடம் சொன்ன முதல் செய்தி, "எங்கட வீட்டுக்குள்ளேயே பாத்ரூம் இருக்கு டீச்சர்" என்பதுதான். அந்தச் சந்தோஷத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு உரிமை இல்லை. கதவைப் பூட்டிக்கொண்டு படிக்க ஒரு மூலை கிடைத்ததால் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகளும் உண்டு.

ஆனால் தோட்டத்தில் ஒரு பிள்ளையை வளர்த்தது அதன் உம்மாவும் வாப்பாவும் மட்டுமல்ல. இதை நான் ஒரு பையனிடமிருந்து படித்தேன்.

அவன் தரம் ஐந்தில் என் வகுப்பில் இருந்தான். உம்மா குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். வாப்பா எங்கே என்று நாங்கள் கேட்பதில்லை. மூத்தம்மாவோடு தோட்டத்தில் இருந்தான். படிப்பில் நடுத்தரம், குறும்பு அதிகம். ஆனால் ஒரு நாளும் பாடசாலைக்கு வராமல் இருந்ததில்லை. வராமல் இருக்க முடியாது! தோட்டத்து முனையில் கடை வைத்திருந்த நானா காலை ஏழு மணிக்குப் பிறகு அவனைத் தெருவில் கண்டால் காதைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் ஒருவர் அவனுக்குச் சோறு போட்டிருக்கிறார். லெப்பை வீட்டில் ஓதப் போகாத நாளில் யாராவது ஒருவர் மூத்தம்மாவிடம் வந்து சொல்லிவிடுவார்கள். சந்தில் கதவுகள் திறந்தே கிடந்தன. யாரும் "கண்காணிப்பு" என்று நினைத்துக் கண்காணிக்கவில்லை. அரிசி புடைத்துக்கொண்டு, துணி காயப்போட்டுக்கொண்டு, வம்பு பேசிக்கொண்டு பார்த்தார்கள்.

அடுத்த வருடம் அவர்கள் மாடிக்குப் போனார்கள், ஒன்பதாம் மாடிக்கு. மூத்தம்மாவுக்கு முழங்கால் வலி. லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் அவர் கீழே இறங்குவதில்லை, பிறகு வேலை செய்யும் நாட்களிலும் இறங்கவில்லை. கடைக்கார நானா வேறு எங்கோ போய்விட்டார். கட்டடத்தின் கீழே அவருக்குக் கடை கிடைக்கவில்லை. கதவுகள் மூடியிருந்தன. அந்த நீண்ட நடைகூடத்தில் ஒருவருக்கும் மற்றவரின் பிள்ளையைக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கவில்லை, ஏனென்றால் அது யாருடைய பிள்ளை என்றே தெரியாது. மூத்தம்மா காலையில் அவனைச் சீருடையோடு கதவுக்கு வெளியே அனுப்பினார். அவரைப் பொறுத்தவரை அவன் பாடசாலைக்குப் போய்விட்டான். அவன் ஒன்பது மாடிகளுக்கும் தரைக்கும் நடுவே எங்கோ நின்றுவிட்டான். படிக்கட்டுத் திருப்பங்களில் பெரிய பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே என்ன விற்கப்படுகிறது என்று கொழும்பில் எல்லோருக்கும் தெரியும்.

தரம் ஒன்பதில் அவன் பெயர் இடாப்பிலிருந்து வெட்டப்படப் போகிறது என்று கேள்விப்பட்டு நான் அந்த வீட்டுக்குப் போனேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏறிப்போய் மூச்சு வாங்க நின்றபோது மூத்தம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மகள், நான் இங்கேருந்து கூப்பிட்டா அவனுக்குக் கேக்காது." இப்போது அவன் புறக்கோட்டையில் நாட்டாமை வேலை செய்கிறான். உழைத்துச் சாப்பிடுகிறான், அல்ஹம்துலில்லாஹ். அவனோடு படிக்கட்டில் இருந்த எல்லோரைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியாது.

ஒரு பையனை வைத்து ஒரு திட்டத்தையே எடை போடுவது சரியல்ல என்று வாசகர்கள் சொல்லலாம். உண்மைதான். தோட்டத்திலிருந்தும் பையன்கள் கெட்டுப்போனார்கள். மாடியிலிருந்தும் டாக்டர்கள் வந்திருக்கிறார்கள். என் வாதம் உயரத்துக்கு எதிரானதுமல்ல. மூத்தம்மாவின் அந்த ஒரு வசனத்தை நான் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். பிள்ளை கதவைத் திறந்து வெளியே போனால் யார் கண்ணில் படும்? கூப்பிட்டால் கேட்குமா? இதற்குப் பதில் இருந்தால் மாடி வீடு பிள்ளைக்கு ஏற்ற வீடு. இல்லாவிட்டால் ஐந்து கோடி ரூபா வீடும் ஏற்றதல்ல.

மாளிகாவத்தையின் பழைய மாடிகளைப் பாருங்கள். பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்த எழுபதுகளின் கட்டடங்களில் வளர்ந்தவர்கள் இன்று அறுபதைத் தொடுகிறார்கள். அவர்களில் பலர் தங்கள் சிறு பராயத்தைப் பற்றி நல்லதாகவே சொல்வார்கள். நான்கு மாடி, லிஃப்ட் இல்லை, கெட்டுப்போக ஒன்றும் இல்லை. படிக்கட்டில் ஏறி இறங்கும் எல்லோரும் எல்லோரையும் காண்பார்கள். நாலாம் மாடிப் பல்கனியில் நின்று கூப்பிட்டால் கீழே விளையாடும் பிள்ளைக்குக் கேட்கும். பீ.டி. சிறிசேன மைதானம் நடந்து போகும் தூரம். பள்ளிவாசல்களும் அப்படியே. அந்தக் கட்டடங்கள் இன்று பாழடைந்து, சுவரில் ஆலங்கன்று முளைத்து நிற்கின்றன. பராமரிப்பு என்பது நம் நாட்டில் யாருடைய வேலையும் அல்ல. ஆனாலும் ஒரு பிள்ளையின் குரலும் ஒரு உம்மாவின் குரலும் எட்டும் தூரத்துக்குள் அவை கட்டப்பட்டிருந்தன. 2001 இல் பொரளையில் 671 வீடுகளோடு சஹஸ்புர வந்தபோது அந்தத் தூரம் கடக்கப்பட்டது. பின்னர் வந்தவை அதே வழியிலேயே போயின.

மாடி வாழ்க்கை எதையெல்லாம் நம்பி நிற்கிறது என்பதை 2022 எங்களுக்குக் காட்டியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. லிஃப்ட் நின்றால் தண்ணீர்ப் பம்பும் நிற்கும். பதினோராம் மாடியில் தண்ணீர் இல்லாத வீட்டில் பத்து மாதக் குழந்தையை வைத்திருந்த தாய், என் வகுப்புப் பிள்ளையை இரண்டு போத்தல்களோடு கீழே அனுப்பினார். அந்தப் பிள்ளைக்கு எட்டு வயது. பாடசாலை விட்டு வந்து ஐந்து தடவை ஏறி இறங்கினானாம். மறுநாள் மேசையில் தலை வைத்துத் தூங்கினான், நான் எழுப்பவில்லை. கேஸ் கிடைக்காத மாதங்களில் தோட்டத்தில் இருப்பவர்கள் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினார்கள். மாடியில் எங்கே மூட்டுவது? நடைகூடத்தில் விறகு எரித்து, புகை மேலே போய், சண்டை வந்து, கடைசியில் கட்டடத்துக்குக் கீழே வரிசையாக அடுப்புகள் எரிந்தன. எரிபொருளும் கேஸும் திரும்பி வந்துவிட்டன. ஆனால் 2022 ஓகஸ்ட்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின் கட்டணம் கூட்டப்பட்ட பிறகு, பொது மின்சாரத்துக்கான பணத்தைச் சேர்ப்பதில் தொடங்கிய தகராறு இன்னும் பல கட்டடங்களில் தீரவில்லை. அதற்கு முன் 2020 ஒக்டோபருக்குப் பிறகு கொழும்பின் பல தொடர்மாடிகள் அப்படியே தனிமைப்படுத்தப்பட்டபோது, ஒரு தொலைபேசியில் மூன்று பிள்ளைகளும் படிக்க, 400 சதுர அடிக்குள் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்தார்கள். அந்த இரண்டு வருட இடைவெளி இன்னும் பிள்ளைகளின் வாசிப்பில் தெரிகிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் இதைப் பேசுவதில்லை. தோட்டத்தில் பத்து வயதுப் பிள்ளை பக்கத்து வீட்டுக்குப் போய் வரலாம். முற்றத்தைத் தாண்டினால் போதும். மாடியில் அதே பிள்ளை லிஃப்டில் போக வேண்டும். கதவு மூடிய லிஃப்டில் தெரியாத ஆணோடு தனியே நிற்கப் பயந்து, எந்த உம்மா தன் மகளைத் தனியே அனுப்புவார்? அனுப்பாமல் விடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் விளைவு என்னவென்றால், பாடசாலை விட்டு வந்த பிள்ளை மறுநாள் காலை வரை கதவுக்கு வெளியே போவதில்லை. பொன்னான ஒன்பது, பத்து, பதினொரு வயதுகள் தொலைபேசித் திரைக்கு முன்னால் கழிகின்றன. முன்பு பிள்ளைகள் தாங்களாகவே நடந்து போன குர்ஆன் மத்ரஸாவுக்கு இப்போது யாராவது கூட்டிப்போக வேண்டும். கூட்டிப்போக ஆளில்லாத வீட்டில் முதலில் நிற்பது பெண் பிள்ளையின் ஓதல்தான். என் வகுப்பில் இதை நான் வருடா வருடம் காண்கிறேன்.

இதெல்லாம் ஏழைகளின் மாடிகளில்தான் என்று நினைத்தால் அதுவும் பிழை. பணம் கொடுத்து வாங்கிய மாடிகளில் லிஃப்ட் நிற்காது, ஜெனரேட்டர் உண்டு, வாசலில் காவலாளி உண்டு. நீச்சல் தடாகம்கூட உண்டு. அதற்குள் இறங்கப் பிள்ளைகளுக்கு இன்ன நேரம்தான் என்ற பலகையும் உண்டு. நடைகூடத்தில் விளையாடாதீர், வாகனத் தரிப்பிடத்தில் சைக்கிள் ஓட்டாதீர், மொட்டை மாடிக்குப் பிள்ளைகள் ஏறத் தடை. அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சரளமாக வரும். ஆனால் வகுப்பில் ஒரு சண்டை வந்தால் அதைத் தாங்களாகத் தீர்க்கத் தெரியாது, உடனே என்னிடம் ஓடி வருவார்கள். சண்டை போட்டு, கோபித்து, மறுபடி சேர்வதற்கு அவர்களுக்கு ஒரு சந்து இருந்ததில்லை. தரை மாடியும் முதலாம் மாடியும் முழுவதும் வாகனங்களுக்கு விடப்பட்ட கட்டடத்தில், ஒரு பிள்ளை எங்கே போய் இன்னொரு பிள்ளையைச் சந்திக்கும்?

வேறு நாடுகள் இதைப் பற்றி யோசிக்கவில்லையா? யோசித்திருக்கின்றன. வன்கூவர் மாநகர சபை 1992 இலேயே, அடர்த்தியான கட்டடங்களில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. விளையாடும் இடம் வீடுகளிலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அதில் ஒரு முக்கியமான விடயம். நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். கம்பங்களில் வாழ்ந்த மலாய் முஸ்லிம்கள் அறுபதுகளிலிருந்து அரச மாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களும் விரும்பிப் போனவர்கள் அல்லர். ஆனால் அங்குள்ள கட்டடங்களின் தரைத்தளம் வீடுகள் இல்லாமல் திறந்த வெளியாக விடப்பட்டது. மழையில் பிள்ளைகள் விளையாடுவதும் கிழவர்கள் உட்கார்ந்து பேசுவதும் அங்கேதான். மலாய்க் கல்யாணங்கள் அங்கேதான் நடந்தன. பாலர் பாடசாலைகளும் பல இடங்களில் அங்கேயே இருக்கின்றன. சிங்கப்பூர் செய்த எல்லாவற்றையும் நான் புகழவில்லை. ஆனால் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே பிள்ளைக்கு ஒரு இடம் வேண்டும் என்பதை அவர்கள் கட்டட வரைபடத்திலேயே போட்டார்கள்.

நம்மிடம் அந்த நடு இடம் இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதை ஒரு மௌத்து வீட்டில் பார்த்தேன். பத்தாம் மாடியில் ஒரு பெரியவர் வபாத்தானார். சந்தூக்கு லிஃப்டுக்குள் போகவில்லை. ஜனாஸாவைப் போர்வையில் தூக்கி, படிக்கட்டுத் திருப்பம் ஒவ்வொன்றிலும் நிமிர்த்திச் சாய்த்துக் கீழே கொண்டுவந்தார்கள். கீழே கொண்டுவந்து வைக்கவும் இடமில்லை; வாகனத் தரிப்பிடத்தில் இரண்டு வாகனங்களை அகற்றிவிட்டுத்தான் வைத்தார்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் வாகனங்களுக்கு நடுவே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறப்பும் இறப்பும் கல்யாணமும் நடக்க இடமில்லாத கட்டடத்தில் பிள்ளை விளையாட மட்டும் இடம் இருக்குமா?

இதை இப்போது பேச ஒரு காரணம் இருக்கிறது. சீன உதவியில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 1,996 வீடுகள் கட்டும் திட்டம் இருக்கிறது. அவற்றில் 586 தெமட்டகொடையில். ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கியின் கடனோடு கொழும்பில் 5,500 வீடுகள் என்று 2019 இல் தொடங்கிய திட்டமும் இருக்கிறது. மாடிகள் வரத்தான் போகின்றன. கொழும்பில் நிலம் இல்லை. மாடிக்கு மேல் மாடி கட்டாமல் இந்நகரம் தன் ஏழைகளை நகருக்குள் வைத்திருக்க முடியாது என்பதை நான் ஏற்கிறேன். அவிசாவளைக்கும் ஹொரணைக்கும் அனுப்பப்படுவதைவிட ஒன்பதாம் மாடி மேல். ஆனால் வீடுகளைப் பகிரும் முறையை மாற்றக் காசு செலவில்லை. குலுக்க வேண்டுமானால் சந்து சந்தாகக் குலுக்குங்கள். ஒரு சந்தில் இருந்த பத்து வீடுகளும் ஒரே நடைகூடத்துக்குப் போகட்டும். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கும் முழங்கால் வலியுள்ள மூத்தம்மாக்களுக்கும் கீழ் நான்கு மாடிகளை ஒதுக்குங்கள். தோட்டத்தில் கடை வைத்திருந்தவருக்குக் கீழே ஒரு கடை கொடுங்கள். அவர் விற்பது சீனியும் தேயிலையும் மட்டுமல்ல. இந்தக் கோரிக்கைகளைக் கையில் எடுக்க வேண்டியவர்கள் நம் மாநகர சபை உறுப்பினர்கள். தேர்தல் காலத்தில் ஒவ்வொரு மாடியாக ஏறி வருகிறார்களே, அவர்களுக்கு வழி தெரியும்.

உறுதிப் பிரச்சினையையும் இதோடு சேர்க்க வேண்டும். இம்மாடிக் குடும்பங்களில் பலவற்றிடம் பல வருடங்களாக இருந்தது உறுதியல்ல, குடியிருக்க அனுமதித்த ஒரு கடிதம். தரம் ஒன்று நேர்முகத்தில் அக்கடிதம் எத்தனை புள்ளி பெறும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பாடசாலை மதிலைப் பார்த்தபடி இருக்கும் வீட்டிலிருந்து வந்த பிள்ளையின் விண்ணப்பம், தூரத்துக்கான புள்ளிகள் முழுவதும் இருந்தும் ஆவணங்களில் விழுந்ததை நேர்முக மேசையில் இருந்து பார்த்திருக்கிறேன். 2024 வரவு செலவுத் திட்டத்தில் 50,000 மாடிக் குடும்பங்களுக்கு முழு உரிமை வழங்குவதாக அறிவிக்கப்பட்டு, பின்னர் சில பகுதிகளில் உறுதிகளும் வழங்கப்பட்டன. கிடைக்காதவர்கள் கேட்டு வாங்க வேண்டும். உறுதி வந்தால்தான் கட்டடத்தின் பொது இடங்களும் சட்டப்படி குடியிருப்பாளர்களுடையதாகின்றன. 1973 இன் மாடிமனை உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பொது இடங்கள் வீட்டு உரிமையாளர்கள் எல்லோருக்கும் கூட்டாகச் சொந்தம், அவற்றை நிர்வகிப்பது அவர்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். பணம் கொடுத்து வாங்கிய மாடிகளில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பிள்ளைகள் விளையாடத் தடை என்ற பலகையை மாட்டியது வானத்திலிருந்து வந்த யாரோ அல்லர். பொதுக்கூட்டத்துக்கு நீங்கள் போகாத நாளில் போன நாலு பேர்.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் ஒன்று. நம் கொழும்புப் பள்ளிகளில் பல, தொழுகை நேரம் தவிர்ந்த மற்ற நேரங்களில் பூட்டப்பட்டிருக்கின்றன. இரண்டு மாடி, மூன்று மாடி, குளிரூட்டி, கீழே விசாலமான மண்டபம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒன்றரை மணி நேரம் அந்தக் கீழ் மண்டபத்தைப் பக்கத்து மாடிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட முடியாதா? ஆண் பிள்ளைகளுக்கு மூன்று நாள், பெண் பிள்ளைகளுக்கு மூன்று நாள். ஒரு கரம் பலகை, சில புத்தகங்கள், பொறுப்புக்கு ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியரோ ஆசிரியையோ. சத்தம் போடுவார்கள், கம்பளத்தை அழுக்காக்குவார்கள் என்று சொல்வார்கள். ஆம், செய்வார்கள். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் சத்தமே போடுவதில்லை என்பதை நிர்வாகிகள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், மகளுக்குப் பத்து, மகனுக்கு ஆறு. வாடகை வீட்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. வெள்ளவத்தைப் பக்கம் ஏழாம் மாடியில் ஒரு வீட்டைக் கணவருக்குப் பிடித்திருந்தது. எனக்கும்தான். கடல் தெரிந்தது, காற்று வந்தது, சமையலறை அகலம். இரண்டு தடவை காலையில் போய்ப் பார்த்தோம். மூன்றாம் தடவை நான் மட்டும் ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பிறகு போனேன். மேலே ஏறவில்லை. காவலாளியிடம் சொல்லிவிட்டு, அவர் தந்த பிளாஸ்டிக் நாற்காலியில் கீழே உட்கார்ந்தேன். நாற்பது வீடுகள் உள்ள கட்டடம். ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருந்தேன். பதினொரு வாகனங்கள் வந்தன, ஐந்து போயின. உணவு கொண்டுவரும் மோட்டார் சைக்கிள்காரர்கள் வந்து போனார்கள். ஒரு பிள்ளை வாகனத்திலிருந்து இறங்கி நேராக லிஃப்டுக்குள் போயிற்று. விளையாட ஒரு பிள்ளையும் கீழே வரவில்லை. "இங்கே பிள்ளைகள் இல்லையா?" என்று காவலாளியிடம் கேட்டேன். "நிறைய இருக்காங்க மிஸ்" என்றார்.

நாங்கள் முற்பணம் கொடுக்கவில்லை. தெஹிவளையில் மூன்று மாடிப் பழைய கட்டடம் ஒன்றில், இரண்டாம் மாடி வீடு ஒன்று விலைக்கு வந்திருப்பதாகத் தரகர் சொல்கிறார். ஒரு அறை குறைவு, குழாய்களை மாற்ற வேண்டுமாம், கடல் தெரியாது. பின்னால் ஒரு முற்றமும் ஒரு மாமரமும் இருக்கின்றனவாம். வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.